கால்வாய்க்கரை வீடும் கெலவரப்பள்ளி நுரையும்

ஆம்ஸ்டர்டாம் கால்வாய் போட்டோவை ஒரு தடவையாவது பார்க்காதவர் நம்மில் யாரும் இருக்க மாட்டார்கள். ஒல்லி ஒல்லியாக ஒட்டி நிற்கும் பழைய வீடுகள், முன்னால் கண்ணாடி மாதிரி தண்ணீர், ஓரத்தில் சாய்த்து வைத்த சைக்கிள். 17ம் நூற்றாண்டில் வெட்டிய கால்வாய்கள். 2010ல் யுனெஸ்கோ அந்தப் பகுதியையே உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அங்கே ஊருக்கு நடுவில் ஒரு பழைய வீட்டை வாங்கி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தபடி காபி குடிக்க வேண்டும் என்பது உலகத்தில் எத்தனையோ பேருடைய கனவு.

அந்தக் கனவைத்தான் இப்போது நம் பக்கமும் விற்கிறார்கள். சர்ஜாபூர் ரோட்டில் போனால் 'லேக் வியூ', பெல்லந்தூர் பக்கம் போனால் 'லேக் ஃப்ரண்ட்'. அத்திப்பள்ளி தாண்டி நம் ஊருக்குள்ளும் அந்தப் பலகைகள் வந்தாயிற்று.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் தெரியும் வீடு என்று இங்கே விற்கப்படுவது, விற்கிறவருக்குச் சொந்தமே இல்லாத பொருள். அந்தப் பெயரைச் சொல்லி வாங்கும் கூடுதல் காசில் ஒரு பைசா கூட அந்தத் தண்ணீருக்குப் போவதில்லை. அதன் அழுக்கு மட்டும் சத்தமில்லாமல் கீழே இறங்கி ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் வருகிறது. பார்வை அவர்களுக்கு, நுரை நமக்கு!

'டேய், நெதர்லாந்தில் ஆரம்பித்து கெலவரப்பள்ளிக்கு எப்படிடா வந்தாய்?' என்று கேட்பவர்களுக்காக முதலில் கொஞ்சம் பூகோளம்.

பெங்களூருக்கு என்று ஒரு பெரிய ஆறு கிடையாது. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில், மேட்டில் உட்கார்ந்திருக்கிற ஊர் அது. அதனால் பழைய காலத்தில் மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்க ஏரி ஏரியாக வெட்டினார்கள். ஒரு ஏரி நிரம்பினால் அடுத்த ஏரிக்குப் போக ஒரு கால்வாய். கன்னடத்தில் இதற்கு ராஜகாலுவே என்று பெயர். காலுவே என்றால் நம் கால்வாய்தான். ஆக ஆம்ஸ்டர்டாம் மாதிரியே பெங்களூருக்கும் ஊருக்கு நடுவில் பழைய கால்வாய்கள் உண்டு. என்ன, அவர்கள் கால்வாயைக் கால்வாயாகவே வைத்துக்கொண்டார்கள். இங்கே அது சாக்கடை ஆகிவிட்டது.

ஏரிகள் என்ன ஆயின? மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் இறங்காத ஓசூர்க்காரன் உண்டா? நாம் இறங்குவது தர்மாம்புதி ஏரிக்குள். கண்டீரவா ஸ்டேடியம் இருப்பது சம்பங்கி ஏரியில். கோரமங்கலா நேஷனல் கேம்ஸ் வில்லேஜ் குடியிருப்பும் ஒரு ஏரி மேல்தான். தண்ணீரை மூடிவிட்டு அதன் மேல் வீடு கட்டியது முதல் கட்டம். மிச்சம் இருக்கிற தண்ணீரைக் காட்டி வீடு விற்பது இரண்டாம் கட்டம். இப்போது நாம் இருப்பது இரண்டாம் கட்டத்தில்.

மெஜஸ்டிக்கிலிருந்து சாந்திநகர், கோரமங்கலா வழியாக பெல்லந்தூர் ஏரி வரை ஏறத்தாழ 12 கிலோமீட்டருக்கு ஒரு ராஜகாலுவே ஓடுகிறது. இதைச் சுத்தப்படுத்தி, ஓரத்தில் நடைபாதை போட்டு, உட்கார இடம் கட்டி, மக்கள் வந்து போகிற நீர்வழியாக மாற்றும் வேலையை அப்போதைய பெங்களூர் மாநகராட்சி 2021ல் தொடங்கியது. கே-100 திட்டம் என்று பெயர். நல்ல எண்ணம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கரை அழகாகும்போது கரையோர மனையின் விலை ஏறும் என்பதைச் சொல்லப் பொருளாதாரம் படிக்க வேண்டியதில்லை. அந்த விலை ஏற்றம் யார் பைக்குள் போகும்? கரையோரச் சொந்தக்காரர் பைக்குள். சுத்தப்படுத்திய செலவு யாருடையது? எல்லோருடைய வரிப்பணம்.

சரி, அந்தத் தண்ணீர் பெல்லந்தூரோடு நின்றுவிடுகிறதா? இல்லை. பெல்லந்தூர் ஏரி நிரம்பினால் வர்த்தூர் ஏரி. வர்த்தூர் நிரம்பினால் தட்சிண பினாகினி. கர்நாடகத்தில் தட்சிண பினாகினி என்று ஓடுகிற ஆறு எல்லை தாண்டியதும் நமக்குத் தென்பெண்ணை. அது வந்து நிற்கும் முதல் அணை ஓசூர் பக்கத்து கெலவரப்பள்ளி. அடுத்தது கிருஷ்ணகிரி அணை. அப்புறம் சாத்தனூர், கடைசியில் கடலூரில் கடல்.

ஊரின் மேற்குப் பக்கம் விழுகிற கழிவு? அது விருஷபாவதியில் இறங்கி, அர்க்காவதியில் சேர்ந்து, காவிரியில் கலந்து ஒகேனக்கல் வருகிறது. 2013ல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் நம் மாவட்டமும் தர்மபுரியும் குடிப்பது அந்தக் காவிரித் தண்ணீரைத்தான். சுத்திகரித்துத்தான் தருகிறார்கள், பயப்படாதீர்கள். ஆனால் கணக்கைக் கவனியுங்கள். பெங்களூரின் எந்தப் பக்கத்துக் குளியலறைத் தண்ணீராக இருந்தாலும் பெரும்பாலும் கடைசியில் தமிழ்நாட்டுக்குத்தான் வருகிறது.

அடுத்து நுரை. பெல்லந்தூர் சுமார் 900 ஏக்கர் ஏரி, பெங்களூரிலேயே பெரியது. நகரத்தின் கழிவுநீரில் ஏறக்குறைய 40 சதவீதம் அந்தப் பள்ளத்தாக்கில்தான் இறங்குகிறது என்பார்கள். அதில் சோப்புத்தூள், டிடர்ஜென்ட் எல்லாம் அப்படியே வரும். அடியில் பல வருடத்துக் கழிவுச் சேறு வேறு. இந்தத் தண்ணீர் மதகிலிருந்து விழும்போதோ மழையில் கலங்கும்போதோ காற்று சேர்ந்து நுரை கிளம்பும். நம் வீட்டு வாளியில் சோப்பு போட்டு அடித்தால் வருகிற அதே நுரைதான், அளவுதான் மலை மாதிரி.

2015ல் அந்த நுரையே தீப்பிடித்தது. 2017ல் மறுபடி தீ. 2018 ஜனவரியில் ஏரிக்கரையில் பிடித்த தீயை அணைக்க ராணுவ வீரர்கள் வர வேண்டியிருந்தது. தண்ணீர் எரிந்தது மக்களே! அதே ஏரியின் பெயரைப் பலகையில் போட்டு வீடு விற்பதும் நிற்கவில்லை. 2018 டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 50 கோடியும் மாநகராட்சிக்கு 25 கோடியும் அபராதம் போட்டது. ஏரியைக் காட்டி விலை ஏற்றி விற்ற கம்பெனிகளுக்கும், அந்த விலையைக் கொடுத்து வாங்கியவர்களுக்கும் அந்த உத்தரவில் செலவு ஏதும் இல்லை. அரசு கட்டும் அபராதம் என்றால் யார் காசு என்று தனியாகச் சொல்லவும் வேண்டுமா?

இங்கே கெலவரப்பள்ளியில் மதகைத் திறந்தால் என்ன நடக்கும் என்று ஓசூர்க்காரர்களுக்குத் தெரியும். அணைக்குக் கீழே ஆறு வெள்ளைப் போர்வை போர்த்திக்கொள்ளும். 2024 அக்டோபர் மழையிலும் அப்படித்தான் நுரை பொங்கியது. டிவிக்காரர்கள் வந்து பனிமலை மாதிரி இருக்கிறது என்று படம் எடுத்துவிட்டுப் போனார்கள். இந்த அணைத் தண்ணீரை நம்பி வலது, இடது கால்வாய்ப் பாசனத்தில் தக்காளி, முட்டைக்கோஸ், கொத்தமல்லி, ரோஜா என்று விளைகிறது. எங்கள் சொந்தத்தில் ஒருவருக்கு அங்கே நிலம் இருக்கிறது. "தண்ணி பாய்ச்சிட்டு வந்தா ராத்திரி பூரா கால் அரிக்குதுப்பா" என்பார். அவருக்கு யாரும் பிரோஷர் கொடுக்கவில்லை. அவர் நிலத்துக்கு 'ரிவர் வியூ' என்று யாரும் கூடுதல் விலை தரவும் இல்லை. இந்தக் காய்கறியில் ஒரு பங்கு லாரி ஏறி திரும்ப பெங்களூருக்கே போகிறது என்பது கூடுதல் தகவல். பால்கனியிலிருந்து பார்த்த தண்ணீரைக் கொஞ்ச நாள் கழித்து சாம்பாரில் பார்க்கிறார்கள் :)

இனி நம்ம சப்ஜெக்ட். பி.காம் படித்து என்ன பிரயோஜனம் என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்காக ஒரு கணக்கு.

ஒரு பேச்சுக்கு, 80 லட்ச ரூபாய் ஃபிளாட். ஏரி தெரியும் பக்கம் என்பதால் அதற்கு மேல் 8 லட்சம் கூடுதல் என்று வையுங்கள். அந்த 8 லட்சத்தையும் கடனாகத்தான் வாங்குவீர்கள். எட்டரை சதவீத வட்டி, 20 வருடம் என்றால் அதற்கு மட்டும் மாதத் தவணை சுமார் 6,940 ரூபாய். 20 வருடத்தில் மொத்தம் 16 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல் கட்டியிருப்பீர்கள். ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதற்கு! அந்தப் பக்கம் 200 ஃபிளாட் இருந்தால் விற்றவருக்குக் கூடுதலாக வந்தது 16 கோடி. அந்த 16 கோடியில் ஏரிக்கு எவ்வளவு? கட்டியவரின் கணக்குப் புத்தகத்தில் சிமெண்டுக்கு ஒரு தலைப்பு உண்டு, கம்பிக்கு உண்டு, விளம்பரத்துக்கும் உண்டு. எதைக் காட்டி அந்த 16 கோடி வந்ததோ, அதற்குத் தலைப்பே இல்லை.

கணக்கியல் தரநிலை 26 என்று ஒன்று படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? கண்ணுக்குத் தெரியாத ஒன்றைச் சொத்து என்று ஏட்டில் காட்ட வேண்டுமானால் அது உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். அதனால்தான் ஒரு கம்பெனி தானாகச் சம்பாதித்த நற்பெயரைக் கூடச் சொத்தாகக் காட்ட முடியாது. இதை மனதில் வைத்துக்கொண்டு வீட்டுப் பத்திரத்தைப் படியுங்கள். அடுக்கு மாடியில் நீங்கள் வாங்குவது கட்டடத்தின் ஒரு பகுதியையும், நிலத்தில் பிரிபடாத பாகத்தையும். ஏரி பத்திரத்தில் வருமா? வரும், நான்கு எல்லை எழுதும் இடத்தில். 'இதற்கு மேற்கே ஏரி' என்று ஒரு வரி. அதாவது, உங்கள் சொத்து எங்கே முடிகிறது என்று சொல்வதற்காக மட்டும். பிரோஷரில் அட்டைப்படமாக இருந்த ஏரி, பத்திரத்தில் வேலி ஆகிவிடுகிறது.

நாளைக்கு அந்த ஏரி நாறினால் யாரைக் கேட்பீர்கள்? கட்டடத்தில் விரிசல் விட்டால் 5 வருடம் வரை கட்டியவர் சரிசெய்து தர வேண்டும் என்று 2016ம் வருடத்து ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் சொல்கிறது. ஏரியில் நுரை விட்டால்? அதே சட்டத்தின் 12வது பிரிவு, விளம்பரத்தில் பொய் சொல்லி விற்றால் நஷ்ட ஈடு கேட்கலாம், வேண்டாம் என்றால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்கிறது. ஆனால் 'ஏரி தெரியும்' என்பது பொய் இல்லையே. தெரியத்தான் செய்கிறது. நாற்றமும் சேர்ந்து வருகிறது, அவ்வளவுதான்.

பார்க்கத்தான் வாங்கினோம் என்றாலும் தண்ணீர் தள்ளியே நிற்கும் என்று சொல்ல முடியாது. 2022 செப்டம்பர் மழையில் சர்ஜாபூர் ரோடு ரெயின்போ டிரைவிலும், எமலூர் எப்சிலான் வில்லாக்களிலும் கோடீஸ்வரர்கள் டிராக்டரில் ஏறி வெளியே வந்ததை எல்லோரும் பார்த்தோம். கால்வாய்க்கும் ஏரிக்கும் விட வேண்டிய இடத்தை விடாவிட்டால் தண்ணீர் தன் பழைய வழியிலேயே வரும். அதற்கு பட்டா படிக்கத் தெரியாது. 2016ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், ஏரியைச் சுற்றி 75 மீட்டருக்கு எதுவும் கட்டக்கூடாது என்றது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மாஸ்டர் பிளானில் உள்ள எல்லையை மாற்றத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் இல்லை, அதில் இருக்கிற 30 மீட்டரே போதும் என்று ஆனது. சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் நடுவில் இருக்கிற அந்த 45 மீட்டர் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்? பால்கனி ஆகும்.

இதற்கு எதிர்ப்பக்கம் சொல்லப்படுவதையும் பார்த்துவிடுவோம், இல்லாவிட்டால் அழுகுணி ஆட்டம் என்பீர்கள்.

ஒன்று, 'பெரிய குடியிருப்பு என்றால் சொந்தமாகச் சுத்திகரிப்பு நிலையம் வைக்கிறார்களே' என்பது. வைக்கிறார்கள். சாவி கொடுக்கும் நாள் வரை கட்டியவர் ஓட்டுவார். அப்புறம் சங்கத்தின் தலையில். கரண்டு பில்லைப் பார்த்துவிட்டுப் பராமரிப்புக் கட்டணம் ஏற்றலாமா என்று கூட்டம் போட்டால் என்ன முடிவு வரும் என்று சங்கக் கூட்டத்தில் ஒரு முறை உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். கழிவு வெளியே போனால் நாற்றம் கீழே இருக்கிறவனுக்கு, மிச்சமாகும் காசு நமக்கு என்று இருக்கும்வரை அந்த மோட்டார் ஒழுங்காக ஓடாது.

இரண்டு, கொஞ்சம் கனமான வாதம். 'ஏரிக்கரையில் குடியிருப்பவன்தானே ஏரியைக் காப்பாற்றுவான்?' உண்மைதான். சர்ஜாபூர் ரோட்டில் கைகொண்டரஹள்ளி ஏரியை அக்கம்பக்கத்து ஜனங்களும் மாநகராட்சியும் சேர்ந்து மீட்டெடுத்தார்கள். இன்று பறவை வருகிற ஏரி அது. அவர்களைக் கை எடுத்துக் கும்பிடலாம். ஆனால் அதைச் செய்தது அவர்களுடைய உழைப்பு, பிரோஷரின் விலை இல்லை. விலை கொடுத்ததாலேயே ஏரி பிழைக்கும் என்றால் பெல்லந்தூரைச் சுற்றி கொட்டிய பணத்துக்கு அது இந்நேரம் பன்னீராக இருந்திருக்க வேண்டும்.

மூன்று, 'நடுத்தரக் குடும்பத்துக்காரன் ஆசைப்பட்டு ஒரு வீடு வாங்குகிறான், அவனை ஏன் வைகிறாய்?' வாங்குகிறவரை நான் வையவில்லை. எங்கள் வகுப்பில் பாதிப் பேரின் அப்பாக்கள் சிப்காட்டில் ஷிஃப்ட் பார்த்து, ஒரு வீட்டுக்காக 20 வருடத் தவணை கட்டுகிறவர்கள். நாளைக்கு நாமும் அந்த வரிசையில்தான் நிற்கப் போகிறோம். நான் வைவது, ஊர்ச் சொத்தைக் காட்டி விலை வைக்கலாம், ஊர்ச் சொத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டாம் என்கிற ஏற்பாட்டை.

வேறு ஏற்பாடு சாத்தியமா? ஆரம்பித்த இடத்துக்கே போவோம். ஆம்ஸ்டர்டாம் கால்வாயும் பிறக்கும்போதே கண்ணாடி இல்லை. 19ம் நூற்றாண்டில் அதுவும் ஊர்ச் சாக்கடையாக நாறிய கால்வாய்தான். மாற்றியது எது? நெதர்லாந்தில் தண்ணீருக்கு என்றே தனி வாரியங்கள் இருக்கின்றன. 13ம் நூற்றாண்டிலிருந்து இருக்கிற அமைப்பு. அந்த வாரியத்துக்கு 4 வருடத்துக்கு ஒரு முறை மக்கள் ஓட்டுப் போடுகிறார்கள். வீடு வைத்திருப்பவர் அதற்கு என்று தனி வரி, கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்குத் தனிக் கட்டணம் கட்ட வேண்டும். அங்கேயும் பிரச்சினை இல்லாமல் இல்லை. ஆம்ஸ்டர்டாமில் சுமார் 200 கிலோமீட்டர் கரைச்சுவர் பழுதாகிக் கிடக்கிறது, 2020ல் ஒரு இடத்தில் சரிந்தே விழுந்தது. சரிசெய்யும் செலவைப் பார்த்து நகராட்சி விழி பிதுங்குகிறது. ஆனால் அந்தச் செலவு அவர்கள் ஏட்டில் இருக்கிறது. யார் கட்ட வேண்டும் என்பது எழுதியிருக்கிறது. நாம் போட்டோவை மட்டும் இறக்குமதி செய்துவிட்டு ரசீதை அங்கேயே விட்டுவிட்டோம்.

நமக்கு இதில் அவசரம் இருக்கிறது. 2019ல் ஓசூர் மாநகராட்சி ஆயிற்று. விமான நிலையம் வரும் என்று 2024ல் சட்டசபையில் அறிவித்தார்கள். 2025 ஆகஸ்டில் பெங்களூர் மெட்ரோ பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. பாகலூர் ரோடு, ராயக்கோட்டை ரோடு, தளி ரோடு எங்கே பார்த்தாலும் மனை, மனை, மனை. ஊருக்கு நடுவில் ராமநாயக்கன் ஏரி இருக்கிறது. சந்திராம்பிகை ஏரி இருக்கிறது. பெங்களூரில் நடந்த கதையின் முதல் அத்தியாயத்தில் இப்போது நாம் நிற்கிறோம். நாமும் ஒன்றும் தேவதூதர்கள் இல்லை. நம் சாக்கடையும் தென்பெண்ணையில்தான் சேர்கிறது. கிருஷ்ணகிரி அணைக்காரன் நம்மைப் பார்த்து இதே பதிவை எழுதலாம். அவனைப் பார்த்து சாத்தனூர்க்காரன் எழுதலாம்.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஏரி, கால்வாய், ஆறு பெயரைச் சொல்லி எந்த வீட்டுத் திட்டம் விற்கப்பட்டாலும், அந்தக் கூடுதல் விலையில் ஒரு பங்கு அந்த நீர்நிலையின் பெயரில் தனிக் கணக்கில் சேர வேண்டும். வருடா வருடம் அந்த வீட்டுக்காரர்களும் ஒரு சிறு தொகை கட்ட வேண்டும். அந்தக் கணக்கைப் பார்க்கும் குழுவில் கரையில் இருப்பவர் மட்டும் உட்காரக் கூடாது. தண்ணீர் போய்ச் சேரும் ஊர்க்காரரும் உட்கார வேண்டும். பெல்லந்தூர் கணக்கை கெலவரப்பள்ளி விவசாயி கேட்கட்டும். மாநில எல்லை குறுக்கே வருமே என்பீர்கள். தென்பெண்ணைக்காக 2018லேயே தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது, ஆனால் மேலே அணை கட்டித் தண்ணீரை நிறுத்துகிறார்கள் என்பதற்காக. எவ்வளவு தண்ணீர் என்று கேட்கத் தெரிந்த நமக்கு, எப்படிப்பட்ட தண்ணீர் என்றும் கேட்கத் தெரிய வேண்டும்.

அது நடக்கும்வரை வீடு வாங்கப் போகும் அண்ணன்கள், அக்காக்களுக்கு ஒரு வேண்டுகோள். வில்லங்கச் சான்று மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். புலப்படமும் அ-பதிவேடும் எடுத்துப் பாருங்கள், ஏரிப் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு எதுவரை என்று தெரிந்துகொள்ளுங்கள். பிரோஷரைப் பத்திரப்படுத்துங்கள். விற்பனைப் பிரதிநிதி பால்கனிக்குக் கூட்டிப்போய் 'வியூ பாருங்க சார்' என்றால், பார்த்துவிட்டு மூன்றே கேள்வி கேளுங்கள். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? எங்கே போகிறது? நான் கூடுதலாகத் தரும் காசில் இதற்கு எவ்வளவு? மூன்றாவது கேள்விக்கு பதில் இல்லை என்றால் அந்த ஃபிளாட்டுக்கு உள்பக்க விலை மட்டும் பேசுங்கள்.

பி.கு: 'அப்போ உனக்கு ஏரி தெரியும் வீடு வேண்டாமா?' என்று கேட்டுத் திட்டப் போகிறவர்களுக்கு: வேண்டும். ரசீதோடு வேண்டும்.